எஃப்.ஓ.பி தூத்துக்குடி: எது யார் தலையில் விழும்?

திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் பின்னலாடைச் சரக்கின் இன்வாய்சில் விலைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ‘எஃப்.ஓ.பி தூத்துக்குடி’ என்று இருக்கும். தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறும்வரை விற்பவர் பொறுப்பு என்பது அதன் பொருள். பல வருடமாக அப்படியே அச்சாகி வருவதால் அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. துணியின் ஜி.எஸ்.எம், சாயத்தின் ஷேடு, அட்டைப்பெட்டியின் அளவு என ஒவ்வொன்றுக்கும் பையரோடு, அதாவது சரக்கை வாங்குபவரோடு, மெயிலில் மல்லுக்கட்டுகிறவர்கள்கூட இந்த ஒன்றைக் கேட்காமல் விட்டுவிடுவார்கள். லாரி வழியில் கவிழ்ந்தால், துறைமுகக் கிடங்கில் மழைநீர் புகுந்தால், கொழும்பில் கப்பல் மாறும்போது கன்டெய்னர் விட்டுப்போனால், செங்கடல் பிரச்சினையில் கப்பல் வாடகை திடீரென ஏறினால், அந்த நட்டமும் செலவும் யாருக்கு என்பதை முடிவு செய்வது அந்தச் சொல்தான்.

கப்பல் வணிகச் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இது எந்த இடத்தில், யாரிடமிருந்து யாருக்கு, எந்தச் சுமையை மாற்றுகிறது என்று கேட்டுப் பழகினால் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும். அப்படிக் கேட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கையும் தெரியும். நம்மூர் ஏற்றுமதியாளர்கள் வாயில் சர்வசாதாரணமாகப் புழங்கும் எஃப்.ஓ.பி, கன்டெய்னர் சரக்குக்குப் பொருந்தவே பொருந்தாத சொல்.

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப் வகையறாச் சொற்களுக்கு இன்கோடெர்ம்ஸ் என்று பெயர். பாரிஸில் இருக்கும் பன்னாட்டு வணிகச் சபை 1936-ல் முதன்முதலாக இவற்றுக்கு விளக்கம் எழுதி வெளியிட்டது. ஒரே சொல்லை ஒவ்வொரு நாட்டு வியாபாரியும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டு வழக்குக்குப் போனதுதான் காரணம். இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு. மொத்தம் 11 சொற்கள். ஏழு எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்தும், நான்கு கடல்வழிக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மட்டும். எஃப்.ஓ.பி இந்த நான்கில் ஒன்று.

இன்கோடெர்ம்ஸ் இரண்டு விஷயத்தைத்தான் பேசும்: எதுவரை செலவு விற்பவருடையது, எதுவரை ஆபத்து விற்பவருடையது. இவற்றோடு எந்தக் காகிதத்தை யார் வாங்கித் தர வேண்டும் என்பதும் சேரும். சரக்கின் உடைமை எப்போது மாறும், பணம் எப்போது வரும் என்பவற்றைப் பற்றி அது ஒரு வரிகூடச் சொல்வதில்லை. அவற்றை ஒப்பந்தத்தில் தனியாக எழுத வேண்டும். நிறையப் பேர் எழுதுவதில்லை.

சரி, சரக்கோடு நாமும் போவோம். திருப்பூர் தொழிற்சாலையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் தூத்துக்குடி. அங்கே கன்டெய்னர் சரக்கு நிலையம் அல்லது டெர்மினல். அப்புறம் ஃபீடர் எனப்படும் சிறிய கப்பலில் கொழும்பு. அங்கே மதர் வெசல் எனப்படும் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா. கடைசியில் பையரின் கிடங்கு.

தொழிற்சாலை வாசலிலேயே விற்பவரின் பொறுப்பு முடிந்தால் அது எக்ஸ் ஒர்க்ஸ். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் சுங்க ஏற்றுமதி அனுமதியைக்கூடப் பையரே எடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். இந்தியாவில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் இல்லாத வெளிநாட்டுக்காரரால் ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்கான ஏற்றுமதி ஆவணம், போட முடியாது. எனவே காகிதத்தில் எக்ஸ் ஒர்க்ஸ் என்று எழுதிவிட்டு வேலையை விற்பவரே பார்ப்பதுதான் வழக்கம். மறுகோடியில் இருப்பது டி.டி.பி. பையரின் நாட்டு இறக்குமதி வரி உட்பட எல்லாமே விற்பவர் கணக்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவே எங்கே நிற்கிறோம் என்பது பலருக்கும் பெரிய கேள்வியானது. டி.டி.பி.யில் விலை சொன்னவர் அந்த வரியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். எஃப்.ஓ.பி.யில் விற்றவருக்கு அந்தக் கடமை இல்லை. ஆனால் ‘விலையைக் குறை’ என்று பையர் கேட்பதை எந்தச் சொல்லும் தடுக்காது, அது வேறு கதை.

நடுவில் இருப்பவற்றில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது சி.ஐ.எஃப். ‘சி.ஐ.எஃப் ஹாம்பர்க்’ என்றால் சரக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம் போய்ச் சேரும்வரை விற்பவர்தான் பொறுப்பு என்று நினைப்பது இயல்பு. அப்படியில்லை. ஹாம்பர்க் வரைக்குமான கப்பல் வாடகையையும் காப்பீட்டையும் விற்பவர் கட்டுகிறார், அவ்வளவுதான். ஆபத்து கை மாறுவது தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறும்போதே. நடுக்கடலில் சரக்கு நாசமானால் நட்டம் பையருடையது. விற்பவர் வாங்கிக் கொடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு பையர்தான் காப்பீட்டு நிறுவனத்திடம் போக வேண்டும். அந்தப் பாலிசி எப்படிப்பட்டது? சி.ஐ.எஃப்.பில் விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சக் காப்பீடு மட்டும், ‘சி’ பிரிவு. ஒப்பந்த விலையில் 110 விழுக்காட்டுக்கு எடுக்க வேண்டும். தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டல், மோதல் போன்றவை அதில் அடங்கும். திருட்டு அடங்காது. கன்டெய்னர் கூரையின் ஓட்டை வழியாக மழைநீர் இறங்கி ஆடைகளில் பூஞ்சை பிடித்தாலும் பைசா பெயராது. 2020 பதிப்பில், சி.ஐ.எஃப் போலவே விற்பவர் வாடகையும் காப்பீடும் கட்டும், ஆனால் எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்தும் சி.ஐ.பி.க்கு மட்டும் விரிவான ‘ஏ’ பிரிவைக் கட்டாயமாக்கினார்கள், சி.ஐ.எஃப்.பை அப்படியே விட்டுவிட்டார்கள். நிலக்கரி போலப் பெட்டியில்லாமல் அப்படியே கொட்டி ஏற்றும் மொத்தச் சரக்கு வியாபாரிகளுக்கு அது போதும் என்பதால். பின்னலாடைக்குப் போதாது. பையர் வேறு மாதிரி கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கப்பலேறுவதற்கு முன்னால் ஒரு பள்ளம்

எஃப்.ஓ.பி.யின் எல்லை சரக்கு கப்பலின் மேல் ஏறுவது. 2010 பதிப்புக்கு முன்வரை, கப்பலின் விளிம்புக் கம்பியைச் சரக்கு தாண்டுவதுதான் எல்லையாக இருந்தது. மூட்டைகளை வலையில் கட்டிக் கிரேனில் தூக்கிய காலத்துக்கு அது சரியாக இருந்தது. விற்பவரின் ஆட்கள் கப்பல் பக்கத்திலேயே நின்றார்கள், ஏறுவதைக் கண்ணால் பார்த்தார்கள். 1956 ஏப்ரலில் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 கன்டெய்னர் பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பிய பிறகு அந்த உலகம் மெல்ல மறைந்தது. இன்றைக்கு விற்பவர் கன்டெய்னரையோ அட்டைப்பெட்டிகளையோ டெர்மினல் வாசலில் அல்லது சரக்கு நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறார். கப்பல் வர இரண்டு நாளாகலாம், ஒரு வாரமும் ஆகலாம். இடமில்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவதும் உண்டு, அதை ரோல் ஓவர் என்பார்கள். அத்தனை நாளும் சரக்கு விற்பவர் கையில் இல்லை, ஆபத்து மட்டும் விற்பவருடையது. பையர் எடுத்த காப்பீடோ, ஆபத்து அவரிடம் வந்த பிறகே அவருக்குப் பயன் தரும்.

பன்னாட்டு வணிகச் சபையே இதைத் தன் விளக்கக் குறிப்பில் சொல்கிறது: கன்டெய்னரை டெர்மினலில் ஒப்படைப்பதாக இருந்தால் எஃப்.ஓ.பி வேண்டாம், எஃப்.சி.ஏ போடுங்கள். எஃப்.சி.ஏ.யில் போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைத்தவுடனேயே ஆபத்து கை மாறிவிடும். விற்பவருக்கு இது தெளிவான லாபம். அப்படியும் ஏன் யாரும் மாறுவதில்லை? பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதைவிட வலுவான இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று வங்கி. எல்.சி. என்பது, சொன்ன காகிதங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி தரும் உத்தரவாதம். அதில் கடல்வழி பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கை ஏற்றிச்செல்பவர் தரும் பி.எல். என்ற காகிதம், கேட்டிருந்தால், சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டது என்று அதில் இருந்தாக வேண்டும். எஃப்.சி.ஏ.யில் விற்பவர் வேலை டெர்மினலோடு முடிவதால், அப்படியொரு காகிதத்தைக் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்ற குழப்பம் இருந்தது. 2020 பதிப்பு இதற்கு வழி செய்தது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், ஏற்றப்பட்டது என்ற குறிப்போடு கூடிய பி.எல்.லை விற்பவருக்குக் கொடுக்கும்படி பையர் கப்பல் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். வழி இருக்கிறது, நடப்பவர்கள் குறைவு.

இரண்டாவது அரசுக் கணக்கு. இந்திய ஏற்றுமதிப் புள்ளிவிவரம் எஃப்.ஓ.பி மதிப்பில்தான் எடுக்கப்படுகிறது. கட்டிய வரியைத் திருப்பித் தரும் டிராபேக் போன்ற சலுகைகளும் பெரும்பாலும் அந்த மதிப்பின் விழுக்காடாகவே கிடைக்கின்றன. சி.ஐ.எஃப் விலையில் விற்றால்கூட ஷிப்பிங் பில்லில் வாடகையையும் காப்பீட்டையும் கழித்து எஃப்.ஓ.பி மதிப்பைக் காட்ட வேண்டும். இறக்குமதிக்கு நேர்மாறு: சுங்க வரி வாடகையும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மேல். அந்தத் தொகைகள் தெரியவில்லை என்றால் வாடகைக்காக எஃப்.ஓ.பி விலையில் 20 விழுக்காட்டையும் காப்பீட்டுக்காக 1.125 விழுக்காட்டையும் சுங்கத்துறை கூட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் இப்படியில்லை, பன்னாட்டு வாடகையைக் கழித்துவிட்டே வரி போடுவார்கள். ஆக, வரி அதிகாரி சொல்லும் எஃப்.ஓ.பி ஒரு மதிப்பீட்டு முறை, ஒப்பந்தத்தில் உள்ள எஃப்.ஓ.பி ஓர் ஆபத்து எல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘டிராபேக் கிடைக்காமல் போய்விடும்’ என்று எஃப்.சி.ஏ.யைக் கண்டு பயப்படுவது இந்தக் குழப்பத்தால்தான்.

எஃப்.ஓ.பி.யில் இன்னொரு கோளாறு உண்டு. கப்பலைப் பிடிப்பது பையரின் உரிமை என்பதால், சரக்கை அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்யும் முகவரான ஃபார்வர்டரையும் அவரே நியமிப்பார். அதை நாமினேஷன் கார்கோ என்பார்கள். வாடகைச் சண்டை நமக்கு இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் ஏமனின் ஹூத்தி படையினர் நடத்திய தாக்குதல்களால் கப்பல்கள் சூயஸைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பத்து நாளுக்கு மேல் கூடுதலாக ஓடியபோது, வாடகை உயர்வும் சர்சார்ஜும் பையர் கணக்கில்தான் போயின. ஆனால் அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள பி.எல். பக்கம் போக வேண்டும்.

காகிதம் எடுக்கும் வேறு பாதை

பில் ஆஃப் லேடிங் ஒரே காகிதத்தில் மூன்று வேலை செய்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது. ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்துக்குச் சான்று. மூன்றாவதுதான் இதன் உயிர்: அது சரக்கின் மீதான உரிமை ஆவணம். ‘டு ஆர்டர்’ என்று எழுதப்பட்ட பி.எல்.லின் பின்புறம் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றலாம். சரக்கு கடலில் மிதந்துகொண்டிருக்கும்போதே அது இரண்டு கை, மூன்று கை மாறும். பொதுவாக மூன்று அசல்கள் தருவார்கள், ஒன்றைக் காட்டிச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. தபாலில் தொலைந்துவிடும் என்ற பயம் இருந்த நூற்றாண்டுகளின் மிச்சம் அது. இந்தியாவில் இதை ஆண்டுவந்தது 1856-ஆம் ஆண்டின் சட்டம். 2025-ல்தான் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது.

பி.எல்.லில் ‘சுத்தமானது’, ‘குறிப்புள்ளது’ என்று இரண்டு வகை. பெட்டி நசுங்கியிருக்கிறது, மூட்டை ஈரமாக இருக்கிறது என்று கப்பல் தரப்பு எழுதிவிட்டால் அது சுத்தமானதல்ல, வங்கி ஏற்காது. ஆனால் விற்பவரே நிரப்பி சீல் வைத்த கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று கப்பல்காரருக்கு எப்படித் தெரியும்? அதனால் ‘உள்ளே இருப்பதாக அனுப்புநர் சொல்கிறார்’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். 500 அட்டைப்பெட்டி என்று பி.எல்.லில் இருப்பதை வைத்து, கப்பல் நிறுவனம் எண்ணிப் பார்த்தது என்று முடிவுகட்டக் கூடாது.

நாமினேஷன் கார்கோவில் இரண்டு அடுக்கு பி.எல். உருவாகும். கப்பல் நிறுவனம் ஃபார்வர்டருக்குக் கொடுப்பது மாஸ்டர் பி.எல்., ஃபார்வர்டர் ஏற்றுமதியாளருக்குக் கொடுப்பது ஹவுஸ் பி.எல். கப்பல் நிறுவனத்தைப் பொறுத்தவரை அதன் வாடிக்கையாளர் ஃபார்வர்டர்தான். சரக்கு ஹாம்பர்க் போனதும் ஃபார்வர்டரின் அங்கத்திய ஆள் மாஸ்டர் பி.எல்.லைக் கொண்டு அதை எடுத்துவிட முடியும். பிறகு ஹவுஸ் பி.எல். அசலைக் கேட்காமலேயே பையரிடம் கொடுத்துவிட்டால்? ஏற்றுமதியாளர் மூன்று அசல்களையும் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார், சரக்கு அங்கே கடையில் விற்றுக்கொண்டிருக்கும். வழக்குப் போடலாம். யார் மேல், எந்த நாட்டில் என்பது ஹவுஸ் பி.எல்.லின் பின்பக்கப் பொடியெழுத்தில் இருக்கும். அதனால் தெரியாத பையரோடு முதல் வியாபாரம் என்றால், வாடகையைத் தானே கட்டி, கப்பலைத் தானே பிடிப்பது விற்பவருக்கு நல்லது என்பது என் கட்சி. சில நூறு டாலர் கூடுதலாகப் போகலாம், சரக்கின் கயிறு கையில் இருக்கும்.

எல்.சி.யைப் பற்றி ஒன்று மட்டும். வங்கிகள் காகிதத்தைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. எல்.சி.க்காக 2007 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள யு.சி.பி. 600 என்ற பன்னாட்டு விதிகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. சரக்கு ஏறி 21 நாளுக்குள் காகிதங்களைக் கொடுக்க வேண்டும், வங்கி ஐந்து வேலை நாளுக்குள் சரியா தவறா என்று சொல்ல வேண்டும். தேதி தப்பினாலோ ஒரு காகிதமும் இன்னொன்றும் முரண்பட்டாலோ டிஸ்கிரிபன்சி என்று திருப்பிவிடுவார்கள். அந்த நிமிடம் எல்.சி. தந்த உத்தரவாதம் போய்விடும், பையர் மனசு வைத்தால்தான் பணம்.

நாள் கணக்கில் ஏறும் காசு

டெமரேஜ் என்ற சொல் இரண்டு உலகங்களில் இரண்டு வேலை பார்க்கிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரி போன்ற மொத்தச் சரக்கில், சரக்கை இறக்க இத்தனை நாள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். அது லேடைம். கப்பல் தயார் என்று கேப்டன் அறிவிப்புக் கொடுத்த பிறகு அந்தக் கடிகாரம் ஓடும். நாள் தாண்டினால் கப்பலை வாடகைக்கு எடுத்தவர் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், அதுதான் டெமரேஜ். சீக்கிரம் முடித்தால் கப்பல்காரர் திருப்பித் தருவது டெஸ்பேட்ச், வழக்கமாக டெமரேஜில் பாதி.

கன்டெய்னர் உலகில் காத்திருப்பது கப்பலல்ல, பெட்டி. இலவச நாட்கள் முடிந்த பிறகும் நிறைந்த பெட்டி துறைமுகத்துக்குள் கிடந்தால் டெமரேஜ், பெட்டியை வெளியே கொண்டுபோய்க் காலியாகத் திருப்பித் தரத் தாமதித்தால் டிடென்ஷன். இது பொதுவான பிரிப்பு. இந்தியாவில் ரசீதுகளைப் பார்த்தால் இந்த எல்லை கலங்கியிருக்கும். இடத்துக்கான கிரவுண்ட் ரென்ட்டை டெர்மினலோ சரக்கு நிலையமோ தனியாக வாங்கும், பெட்டிக்கான டிடென்ஷனைக் கப்பல் நிறுவனம் தனியாக வாங்கும், இரண்டும் ஒரே நாட்களுக்கே விழும். சுங்கத்தில் ஒரு சந்தேகம் வந்து பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னாலும் மீட்டர் நிற்காது. டிடென்ஷனைத் தள்ளுபடி செய்யும்படி சுங்கம் சான்று கொடுக்கலாம். பல கப்பல் நிறுவனங்கள் அதை மதிப்பதில்லை.

எடையைப் பற்றிய வி.ஜி.எம். கொஞ்சம் புதியது. 2016 ஜூலை 1 முதல், நிரப்பிய கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையை அனுப்புநர் அறிவிக்காவிட்டால் அது கப்பலில் ஏறக் கூடாது. அதுவரை சும்மா குத்துமதிப்பாக எழுதப்பட்ட எடைகளை நம்பித்தான் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

கடைசியாக, இந்தத் தொழிலின் மிகப் பழைய விதி: ஜெனரல் ஆவரேஜ். கப்பலைக் காப்பாற்ற வேண்டுமென்றே ஒரு பகுதிச் சரக்கைக் கடலில் எறிந்தாலோ ஏதாவது அசாதாரணச் செலவு செய்தாலோ, அந்த இழப்பைக் கப்பலிலும் சரக்கிலும் பங்குள்ள எல்லோரும் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பிலேயே, ரோட்ஸ் தீவின் கடல் சட்டம் என்ற பெயரில் இது இருக்கிறது. ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் சூயஸில் குறுக்கே சிக்கிய எவர் கிவன் கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்களுக்கு, தங்கள் பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லாதபோதும், ஜெனரல் ஆவரேஜ் அறிவிப்பு வந்தது. 2018 மார்ச்சில் அரபிக் கடலில் மெர்ஸ்க் ஹோனம் என்ற கப்பல் தீப்பற்றி ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். அதில் பிழைத்த சரக்கை விடுவிக்க, மீட்புச் செலவுக்கு 42.5 விழுக்காடும் ஜெனரல் ஆவரேஜுக்கு 11.5 விழுக்காடும் பிணை கேட்டார்கள். ஒரு லட்சம் டாலர் சரக்கென்றால் 54,000 டாலருக்கு உத்தரவாதம். காப்பீடு இருந்தவர்களுக்கு அந்த உத்தரவாதத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது. மேலே திட்டிய அந்த ‘சி’ பிரிவுகூட இதைத் தாங்கும். காப்பீடே எடுக்காதவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் சரக்கை மறந்துவிட வேண்டும்.

இங்கேதான் எஃப்.ஓ.பி.யை நம்பி உட்கார்ந்திருப்பவர் கவனிக்க வேண்டியது வருகிறது. இன்கோடெர்ம்ஸ் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் மட்டும் செல்லும். கப்பல் நிறுவனம் அதில் தரப்பே அல்ல. கப்பல் நிறுவனத்தோடு உள்ள உறவு பி.எல்.லின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ‘மெர்ச்சன்ட்’ என்ற சொல்லுக்கு அனுப்புநர், பெறுநர், பி.எல்.லை வைத்திருப்பவர் எல்லோரையும் சேர்த்து விளக்கம் எழுதியிருப்பார்கள். பையர் திவாலாகிச் சரக்கை எடுக்க வரவில்லை என்றால், ஹாம்பர்க்கில் நாள்தோறும் ஏறும் டிடென்ஷனுக்கும் சரக்கை அழிக்கும் செலவுக்கும் கப்பல் நிறுவனம் பி.எல்.லில் அனுப்புநராக உள்ளவரைத் தேடி வரும். ‘எங்கள் பொறுப்பு தூத்துக்குடியிலேயே முடிந்துவிட்டது’ என்று இன்வாய்சைக் காட்டினால் அது எடுபடாது. நாமினேஷன் கார்கோவில் மாஸ்டர் பி.எல்.லில் ஃபார்வர்டர் பெயர் இருப்பதால் முதல் அடி அவர் மேல் விழும். அவர் அதே விதியோடு தன் ஹவுஸ் பி.எல்.லை எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு வருவார்.